பின்னிணைப்பு மேடையேறியபோது: ஆர்வெலின் '1984' நாடகத் தழுவலும் அதன் மீள்வருகைகளும்

ஆய்வுச் சுருக்கம்

ஜார்ஜ் ஆர்வெலின் '1984' புதினத்தை ராபர்ட் ஐக், டங்கன் மேக்மில்லன் ஆகிய இருவரும் 2013-ஆம் ஆண்டில் நாடகமாக்கினர். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரில் தொடங்கிய அந்நாடகம் 2016 வரை லண்டன் மேடைக்குப் பலமுறை திரும்பியது. அமெரிக்கா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளுக்கும் சென்றது. ஒவ்வொரு மீள்வருகையும் அவ்வக்கால அரசியலோடு பொருத்திப் பேசப்பட்டது. ஆயினும் இத்தழுவலின் ஆற்றல், புதினத்தின் இறுதியில் உள்ள பின்னிணைப்பை அது வாசித்த முறையில்தான் அடங்கியுள்ளது. அப்பின்னிணைப்பின் இறந்தகால நடை வாசகருக்குத் தரும் பாதுகாப்பு உணர்வை நாடகம் எவ்வாறு கேள்விக்கு உள்ளாக்குகிறது என்பதையும், அதனால் எழும் சிக்கலையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச் சொற்கள்: ஆர்வெல், நாடகத் தழுவல், டிஸ்டோபியப் புதினம், பின்னிணைப்பு, கால வழுவமைதி, ஆவணச் சான்று.

1. முன்னுரை

கேடுற்ற எதிர்கால உலகம் ஒன்றைப் புனைந்து காட்டும் டிஸ்டோபியப் புதினம் மீண்டும் மேடைக்கு வரும்போதெல்லாம், அதில் சொல்லப்பட்டவற்றுள் எவையெவை பலித்துவிட்டன என்னும் கேள்வியே முதலில் எழுகிறது. இது புதினத்தைப் பஞ்சாங்கமாக்கிப் பலன் பார்க்கும் வாசிப்பு. இவ்வாசிப்பில் கண்காணிப்புக் கருவிகளும் பொய்ச்செய்திகளும் பட்டியலிடப்படும். பனுவலின் அமைப்பு கவனம் பெறாது.

'1984' புதினம் இத்தகைய வாசிப்புக்கு மிகுதியும் ஆட்பட்டது. தலைப்பே ஓர் ஆண்டாக அமைந்ததும் அதற்கு ஒரு காரணம். அந்த ஆண்டு கடந்த பின்னரும் புதினத்தின் செல்வாக்கு குன்றவில்லை. ஐக்கும் மேக்மில்லனும் செய்த தழுவல் இவ்வகையில் தனித்து நிற்கிறது. இக்கதை பலித்ததா என்று கேட்பதினும், இக்கதையை இப்போது வாசிப்பவர் யார், அவர் எங்கு நின்று வாசிக்கிறார் என்று கேட்பதிலேயே அது கருத்தைச் செலுத்துகிறது. இக்கேள்வி எங்கிருந்து பிறந்தது என்பதை அறியப் புதினத்தின் கடைசிப் பக்கங்களிலிருந்து தொடங்க வேண்டும்.

2. புதினமும் அதன் பின்னிணைப்பும்

'1984' புதினம் 1949 ஜூன் 8 அன்று லண்டனில் செக்கர் அண்ட் வார்பர்க் பதிப்பகத்தால் வெளியிடப்பட்டது. ஆர்வெல் 1950 ஜனவரியில் மறைந்தார். ஸ்காட்லாந்தின் ஜூரா தீவில் நோயுற்ற நிலையில் அவர் எழுதி முடித்த இறுதிப் புதினம் இது.

கதை பரவலாக அறியப்பட்டதே. ஓஷியானியா என்னும் வல்லரசில் உண்மை அமைச்சகத்தில் பணிபுரியும் வின்ஸ்டன் ஸ்மித், பழைய செய்தித்தாள்களைக் கட்சியின் அன்றைய தேவைக்கேற்பத் திருத்தி எழுதுகிறான். தடையை மீறி நாட்குறிப்பு எழுதத் தொடங்குகிறான், ஜூலியாவைக் காதலிக்கிறான், பிடிபட்டு, ஓபிரையனால் வதைக்கப்பட்டு, அறை எண் 101-இல் முற்றிலும் உடைகிறான். பெரியண்ணன் மீது அவனுக்கு அன்பு பிறப்பதோடு கதை முடிகிறது.

ஆனால் நூல் அங்கு முடியவில்லை. நியூஸ்பீக் என்னும் புதுமொழியின் கோட்பாடுகளை விளக்கும் பின்னிணைப்பு ஒன்று அதனைத் தொடர்கிறது. சொற்களைக் குறைப்பதன் வழியாக எண்ணங்களையே குறைப்பது இப்புதுமொழியின் நோக்கம். அதன் சொற்றொகுதி மூவகையாகப் பகுக்கப்படுகிறது: அன்றாட வாழ்வுக்குரியவை, அரசியல் நோக்கில் ஆக்கப்பட்ட கூட்டுச்சொற்கள், அறிவியல் தொழில்நுட்பச் சொற்கள். முதல் அதிகாரத்திலேயே ஓர் அடிக்குறிப்பு வாசகரை இப்பின்னிணைப்புக்கு ஆற்றுப்படுத்துகிறது. எனவே கதை தொடங்கும்போதே, கதைக்கு வெளியே நின்று அதற்குக் குறிப்பெழுதும் ஒருவர் இருக்கிறார் என்பது குறிப்பால் உணர்த்தப்பட்டுவிடுகிறது.

இப்பகுதியின் இன்றியமையாமையை ஆர்வெல் நன்கு உணர்ந்திருந்தார். அமெரிக்காவின் 'புக் ஆஃப் தி மன்த் கிளப்' என்னும் நூற்கழகம், பின்னிணைப்பையும் கதைக்குள் வரும் கோல்ட்ஸ்டைனின் நூற்பகுதியையும் நீக்கினால் புதினத்தைத் தெரிவுசெய்யலாம் எனக் கருதியது. பெருந்தொகை கைவிட்டுப் போகக்கூடிய நிலையிலும் ஆர்வெல் அதற்கு இசையவில்லை. ஒரு பகுதியை உருவிவிட்டால் நூலின் கட்டமைப்பே குலையும் என்பது அவர் நிலைப்பாடு. முடிவில் கழகம் முழுநூலையும் ஏற்றது. பாயிரம் இல்லாதது நூலாகாது எனக் கொண்ட மரபில் பயின்றோர்க்கு, நூலின் விளிம்பில் நிற்கும் ஒரு பகுதி நூலின் பொருளையே தாங்கக்கூடும் என்பது புதிய செய்தியன்று.

3. இறந்தகாலம் சான்றாகுமா?

பின்னிணைப்பு முழுவதும் இறந்தகாலத்தில் எழுதப்பட்டுள்ளது. நியூஸ்பீக் ஓஷியானியாவின் ஆட்சிமொழியாக இருந்தது என்றும், 1984-இல் அதனை மட்டுமே பேசுவோர் எவரும் உருவாகியிருக்கவில்லை என்றும் அதன் ஆசிரியர் எழுதுகிறார். 2050-ஆம் ஆண்டளவில் அது பழைய மொழியை முற்றிலும் அகற்றிவிடும் என எதிர்பார்க்கப்பட்டதாக அவர் கூறுகிறார். அகற்றியது என்று அவர் எங்கும் கூறவில்லை. மேலும், அவர் எழுதுவது நியூஸ்பீக்கில் அன்று. தெளிவான வழக்கு ஆங்கிலத்தில். நியூஸ்பீக்கில் சொல்லவே இயலாத விடுதலை, சமத்துவம் ஆகிய கருத்துகளைத் தடையின்றிக் கையாள்கிறார். அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தின் பகுதியை எடுத்துக்காட்டி, அதனை நியூஸ்பீக்கில் பெயர்க்க முயன்றால் முழுவதும் 'எண்ணக் குற்றம்' என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடும் என விளக்குகிறார்.

இவற்றைக் கொண்டு, பின்னிணைப்பு எழுதப்பட்ட காலத்தில் கட்சி வீழ்ந்துவிட்டது என்று வாதிடுவோர் உளர். எழுத்தாளர் மார்கரெட் அட்வுட் இக்கருத்தை வலியுறுத்தியவர். அவருடைய 'தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்' (1985) புதினமும், கொடுங்கோலாட்சி மறைந்து நெடுங்காலம் கழிந்தபின் நடைபெறும் ஓர் ஆய்வரங்கின் பதிவோடு முடிகிறது. 2003-ஆம் ஆண்டுப் பதிப்புக்கு முன்னுரை எழுதிய தாமஸ் பிஞ்சனும் இந்த இறந்தகால நடையைச் சுட்டிக்காட்டினார்.

இதற்கு மறுப்பும் உண்டு. புதினம் முழுவதும் இறந்தகாலத்திலேயே சொல்லப்படுவதால், பின்னிணைப்பும் அந்நடையைத் தொடர்ந்தது எனக் கொள்ள இடமுண்டு. வினைமுற்றின் காலம் நிகழ்வின் காலத்தை எப்போதும் காட்டுவதில்லை என்பதைத் தமிழ் இலக்கணம் கால வழுவமைதி என்னும் கோட்பாட்டின் வழி ஏற்றுக்கொண்டுள்ளது. இன்னும் புறப்படாதவர் விரைவு கருதி 'இதோ வந்துவிட்டேன்' என்கிறார். உறுதி கருதியும் இயல்பு கருதியும் காலம் பிறழ்வது உண்டு. பேசுவோரின் நோக்கம் அறிந்தே காலத்தின் பொருளைத் துணிய வேண்டும். ஆனால் பின்னிணைப்பைப் பேசுபவர் யார் என்பதோ அவர் நோக்கம் யாது என்பதோ நமக்குக் கூறப்படவில்லை. பெயரற்ற அந்த உரையாசிரியர் விடுதலை பெற்ற அறிஞராகவும் இருக்கலாம். வேறு எவராகவும் இருக்கலாம். ஐக்கும் மேக்மில்லனும் தம் நாடகத்தை எழுப்பியது இந்த இடைவெளியில்தான்.

4. முந்தைய தழுவல்கள்

'1984' பலமுறை காட்சி வடிவம் பெற்றுள்ளது. அவற்றுள் பிபிசி தொலைக்காட்சி 1954 டிசம்பர் 12 அன்று நேரலையாக ஒளிபரப்பிய நாடகம் குறிப்பிடத்தக்கது. நைஜல் நீல் எழுத, ருடால்ஃப் கார்ட்டியர் இயக்கிய அந்நாடகத்தில் பீட்டர் குஷிங் வின்ஸ்டனாக நடித்தார். அதன் கொடூரம் குறித்துக் கண்டனங்கள் எழுந்தன. பிரித்தானிய நாடாளுமன்றத்திலும் அது பேசுபொருளானது. எதிர்ப்புகளுக்கு நடுவே டிசம்பர் 16 அன்று நடிகர்கள் மீண்டும் கூடி நாடகத்தை நேரலையில் நடித்தனர். இன்று நமக்குக் கிடைப்பது அந்த இரண்டாம் நிகழ்த்துதலின் பதிவே. 1956-இலும் 1984-இலும் திரைப்படங்கள் வெளிவந்தன. இவை யாவும் வின்ஸ்டனின் கதையைக் காட்சிப்படுத்துவதையே முதன்மையாகக் கொண்டன. ஓர் இலக்கணக் கட்டுரையை ஒத்த பின்னிணைப்பில் நடிப்பதற்கு மாந்தரும் இல்லை, நிகழ்ச்சியும் இல்லை.

5. பின்னிணைப்பு சட்டகமாதல்

ஹெட்லாங் குழு, நாட்டிங்ஹாம் பிளேஹவுஸ், அல்மெய்டா அரங்கு ஆகியவை இணைந்து உருவாக்கிய புதிய தழுவல் 2013 செப்டம்பரில் நாட்டிங்ஹாமில் அரங்கேறியது. ஐக், மேக்மில்லன் இருவருமே எழுதி இயக்கினர். பின்னிணைப்பின் பெயரற்ற ஆசிரியருக்கு ஈடாக, எதிர்காலத்தைச் சேர்ந்த ஒரு வாசிப்புக் குழுவை அவர்கள் படைத்தனர். மரப்பலகை பதித்த பழைய அறை ஒன்றில் அமர்ந்து அக்குழுவினர் ஒரு நூலைப் பற்றி உரையாடுகின்றனர். அந்நூல் வின்ஸ்டனின் நாட்குறிப்பா, அவனைப் பற்றிய புதினமா என்பது தெளிவாக்கப்படுவதில்லை. அப்படி ஒருவன் உண்மையில் வாழ்ந்தானா என்றும் அவர்கள் வினவுகின்றனர். எக்காலத்தில் வாசித்தாலும் இந்நூல் அக்காலத்தையே காட்டுவதுபோல் தோன்றும் என்ற கருத்தும் அவர்களிடையே பேசப்படுகிறது.

வின்ஸ்டனும் அதே அறையில் இருக்கிறான். வாசிப்போராக அமர்ந்தவர்களே அவனுடைய உலகின் மாந்தராகவும் மாறித் தோன்றுகின்றனர். எது நூல், எது நினைவு, எது வதைமுகாமில் சிதைந்த மனத்தின் தோற்றம் என்று பிரித்தறிய இயலாதவாறு காட்சிகள் ஒன்றினுள் ஒன்று கலக்கின்றன. உணவுக்கூடக் காட்சி சிறு மாற்றங்களோடு மீண்டும் மீண்டும் வருகிறது. ஒரு முறை அங்கிருந்த சைம் அடுத்த முறை இல்லை. அவன் இல்லாததை எவரும் பொருட்படுத்துவதும் இல்லை. ஒருவரை வரலாற்றிலிருந்தே அழித்துவிடும் கட்சியின் செயலைப் புதினம் விளக்கிச் சொல்கிறது. நாடகமோ அதனைப் பார்வையாளரின் நினைவாற்றலிலேயே சோதித்துப் பார்க்கிறது. முன்னர் அங்கு ஒருவர் இருந்தாரா என்று அரங்கில் அமர்ந்திருப்பவரே ஐயுறும் நிலை ஏற்படுகிறது.

வின்ஸ்டனும் ஜூலியாவும் சந்திக்கும் மறைவான அறை அமைக்கப்பட்ட முறையும் கருதத்தக்கது. க்ளோயி லாம்ஃபோர்டின் அரங்க அமைப்பில் அவ்வறை பார்வையாளரின் நேர்ப்பார்வைக்குப் புலப்படாது. அங்கு நிகழ்பவை ஒளிப்படக்கருவியின் வழியாக மேலேயுள்ள திரையில் நேரலையாகத் தெரிகின்றன. காதலர் தாம் தனித்திருப்பதாக நம்பும் நேரத்தில், பார்வையாளர் அவர்களைக் கண்காணிப்புத் திரையில் கண்டுகொண்டிருக்கின்றனர். படத்தின் பின்னே தொலைத்திரை மறைந்திருந்த செய்தி புதினத்தில் பின்னரே வெளிப்படுகிறது. நாடகத்திலோ பார்வையாளர் தொடக்கம் முதலே அத்தொலைத்திரையின் இடத்தில் அமர்த்தப்பட்டுவிடுகின்றனர்.

சிந்தனைக் காவலர் நுழைந்ததும் அந்தப் பழைய அறை முழுவதும் கலைக்கப்பட்டு, வெளிறிய வெற்றிடம் எஞ்சுகிறது. வதைக் காட்சிகள் இருளும் கண்கூசும் ஒளியும் பேரொலியும் மாறிமாறி வர நிகழ்த்தப்படுகின்றன. வின்ஸ்டன் அரங்கில் இருப்போரை நோக்கியே குரலெழுப்பும் தருணமும் உண்டு. இடைவேளையின்றி 101 நிமிடங்கள் நடைபெறுமாறு நாடகம் அமைக்கப்பட்டது. அவ்வெண் அறை எண்ணை நினைவூட்டுவது.

இறுதியில் வாசிப்புக் குழு மீண்டும் தோன்றுகிறது. கட்சி வீழ்ந்துவிட்டது என்பதே அவர்களுடைய பொதுவான நம்பிக்கை. அப்போதுதான் ஐயம் எழுப்பப்படுகிறது: வீழ்ந்துவிட்டதாக மக்கள் நம்பும்படி உலகை அமைப்பதே கட்சிக்கு நன்மை தருவதாக இருக்கக்கூடாதா? அட்வுட் நம்பிக்கையின் சான்றாகக் கண்ட அதே இறந்தகாலம் இங்கே கட்சியின் மிக நுட்பமான ஏமாற்றாகவும் இருக்கக்கூடும் என்ற நிலையை அடைகிறது. நாடகம் இவ்விரண்டினுள் ஒன்றைத் துணிந்து கூறுவதில்லை.

6. மீள்வருகைகளும் அவற்றின் சூழலும்

நாட்டிங்ஹாமில் தொடங்கிய நாடகம் 2014 பிப்ரவரியில் அல்மெய்டா அரங்குக்கு வந்தது. அவ்வாண்டே லண்டன் வெஸ்ட் எண்டின் பிளேஹவுஸ் அரங்குக்கு மாறியது. 2015-இலும் 2016-இலும் அதே அரங்குக்குத் திரும்பியது. இடையில் அமெரிக்காவின் சாண்டா மோனிகா, கேம்பிரிட்ஜ், வாஷிங்டன் ஆகிய நகரங்களில் நிகழ்த்தப்பட்டது. 2017-இல் ஆஸ்திரேலிய நகரங்களில் சுற்றிவந்த அதே ஆண்டில், ஜூன் 22 அன்று நியூயார்க் பிராட்வேயின் ஹட்சன் அரங்கில் புதிய நடிகர்களுடன் முறையாகத் தொடங்கி, அக்டோபர் 8 வரை நடைபெற்றது. டாம் ஸ்டரிட்ஜ் வின்ஸ்டனாகவும், ஒலிவியா வைல்ட் ஜூலியாவாகவும், ரீட் பிர்னி ஓபிரையனாகவும் நடித்தனர்.

இவ்வருகைகள் ஒவ்வொன்றுக்கும் ஓர் அரசியற் பின்புலம் கிடைத்தது. முதல் அரங்கேற்றத்துக்கு மூன்று மாதங்களுக்கு முன்னர், 2013 ஜூனில், எட்வர்ட் ஸ்னோடென் வெளிப்படுத்திய ஆவணங்கள் அமெரிக்க அரசின் பெருந்திரள் கண்காணிப்பை உலகறியச் செய்திருந்தன. ஆகவே தொடக்கத்தில் நாடகம் கண்காணிப்பைப் பற்றியதாக வாசிக்கப்பட்டது. 2017 ஜனவரியில் அமெரிக்க அதிபரின் ஆலோசகர் கெல்லியான் கான்வே, பதவியேற்பு விழாக் கூட்டத்தின் அளவு குறித்த தவறான கூற்றை 'மாற்று உண்மைகள்' என்னும் தொடரால் காத்தபோது, ஆர்வெலின் புதினம் அமேசான் விற்பனைப் பட்டியலின் முதலிடத்துக்கு உயர்ந்தது. பெங்குவின் நிறுவனம் கூடுதலாக 75,000 படிகள் அச்சிட முனைந்தது. அதனையடுத்து பிராட்வே நிகழ்வு அறிவிக்கப்பட்டதால், அங்கு நாடகம் உண்மையைத் திரிப்பதைப் பற்றியதாக வாசிக்கப்பட்டது. அடிப்படையில் நாடகம் ஒன்றே. அதனைச் சூழ்ந்த காலம் மாறியதும் அதன் பொருளும் மாறியது. குழுவினரின் உரையாடலில் இடம்பெற்ற கருத்தைப் பார்வையாளரே தம்மையறியாமல் மெய்ப்பித்தனர் எனலாம்.

பிராட்வேயில் வேறொன்றும் நிகழ்ந்தது. வதைக் காட்சிகளின்போது பார்வையாளர் சிலர் மயங்கிவிழுந்ததாகவும் வாந்தியெடுத்ததாகவும் செய்திகள் பரவின. பதின்மூன்று வயதுக்கு உட்பட்டோர்க்கு அனுமதி மறுக்கப்பட்டது. நாடகம் பற்றிய பொதுப்பேச்சு இச்செய்திகளைச் சுற்றியே அமைந்தது. உடலை உலுக்கும் காட்சி அறிவை உறுத்தும் வினாவை மறைத்துவிட்டது. தழுவலின் வலிமையான கூறும் அதன் குறையும் இங்கு ஒன்றாகவே நிற்கின்றன. பார்வையாளரைச் சாட்சியாக்க வேண்டும் என்ற நோக்கில் அமைந்த வதைக்காட்சி, அவர்களுள் பலரை அதிர்ச்சியின் நுகர்வோராகவும் ஆக்கியது.

7. ஐயத்தின் இரு முகங்கள்

இத்தழுவல் எழுப்பும் ஆழமான சிக்கல் ஒன்று எஞ்சியுள்ளது. வின்ஸ்டன் வாழ்ந்தானா என்று ஐயுறும் வாசிப்புக் குழு, ஆய்வாளர் செய்யவேண்டியதையே செய்கிறது. ஓர் ஆவணத்தின் காலம், ஆசிரியர், நம்பகத்தன்மை ஆகியவற்றை வினவுவது புலமையின் முதற்கடமை. சுவடிகளை ஒப்பிட்டுப் பாடவேறுபாடுகளைக் குறித்து மூலபாடம் துணியும் தமிழ்ப் பதிப்பு மரபும் ஐயத்தில் தொடங்கியதே. ஆனால் ஓபிரையனும் ஐயத்தையே கருவியாகக் கொள்கிறான். கடந்தகாலம் ஆவணங்களிலும் மனித நினைவிலும் மட்டுமே உள்ளது. இரண்டையும் கட்சி ஆள்கிறது. ஆகவே கடந்தகாலம் கட்சி சொல்வதே என்பது அவன் வாதம். எல்லாவற்றையும் ஐயத்துக்கு உள்ளாக்கும் நாடகம், தன்னையறியாமல் ஓபிரையனின் பக்கம் சாய்ந்துவிடவில்லையா என்று கேட்பதற்கு இடமுண்டு.

இவ்விரு ஐயங்களையும் வேறுபடுத்தும் அடையாளம் புதினத்திலேயே உள்ளது. பொய்க்குற்றம் சாட்டப்பட்ட மூவரின் குற்றமின்மையைக் காட்டும் ஒரு செய்தித்தாள் நறுக்கு வின்ஸ்டனுக்கு முன்னர் ஒருமுறை கிடைத்திருந்தது. வதையின்போது ஓபிரையன் அதே நிழற்படத்தை எடுத்துக் காட்டுகிறான். உடனே அழிவுத்துளையில் இட்டு எரிக்கிறான். அப்படியொன்று இருந்ததே இல்லை என்றும், தனக்கு அது நினைவில் இல்லை என்றும் கூறுகிறான். ஆய்வாளரின் ஐயம் மேலும் சான்று தேடுகிறது. ஓபிரையனின் ஐயம் கையிலுள்ள சான்றையும் எரிக்கிறது. முன்னது முடிவைத் தள்ளிவைத்து ஆவணத்தைக் காக்கிறது. பின்னது ஆவணத்தை அழித்து முடிவை நிலைநாட்டுகிறது.

இந்நோக்கில், வாசிப்புக் குழுவின் மேசைமேல் ஒரு நூல் எஞ்சியிருக்கிறது என்பது தழுவலின் முதன்மையான செய்தியாகிறது. அதன் ஆசிரியர் யார் என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால் அது எரிக்கப்படவில்லை. சிலர் கூடி அதை வாசித்துக் கருத்து மாறுபடுகின்றனர். நாட்குறிப்பைத் தொடங்கும்போது வின்ஸ்டன் எதிர்காலத்தையோ கடந்தகாலத்தையோ சேர்ந்த, சிந்தனை விடுதலை பெற்ற வாசகரை விளித்தான். அந்த வாசகர் தோன்றியுள்ளார். அவர் விடுதலை பெற்றவர்தானா என்பதை மட்டும் நாடகம் நம்மிடம் விட்டுவிடுகிறது.

8. முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

முதலாவதாக, ஐக்-மேக்மில்லன் தழுவல் புதினத்தில் இல்லாத ஒன்றைப் புகுத்தவில்லை. முந்தைய தழுவல்கள் விட்டுச்சென்ற பகுதியை மையத்துக்குக் கொணர்ந்தது. வாசிப்புக் குழு என்னும் புனைவு பின்னிணைப்பின் குரலுக்கு உடல் தந்த முயற்சியாகும். தழுவல் என்பது உரை எழுதுதலுக்கு நிகரான விளக்கச் செயல் என்பதற்கு இது தக்க சான்று.

இரண்டாவதாக, பின்னிணைப்பின் இறந்தகாலம் வாசகரைக் கொடுமைக்குப் பிந்திய பாதுகாப்பான காலத்தில் நிறுத்துகிறது. அப்பாதுகாப்பு சான்றால் பெறப்பட்டதா, இலக்கண வடிவத்தால் தோற்றுவிக்கப்பட்டதா என நாடகம் வினவுகிறது.

மூன்றாவதாக, நாடகத்தின் மீள்வருகைகள் ஒவ்வோர் ஆட்சியின்மீதும் பொருத்திக்காட்டப்பட்டபோது இவ்வினா பெரிதும் மறைந்தது. ஒரு குறிப்பிட்ட ஆட்சியாளரே பெரியண்ணன் எனக் கொண்டால், அவர் பதவி நீங்கியதும் கதை முடிந்துவிடும். கொடுமை கடந்தகாலத்துக்கு உரியது என்னும் அந்த நிறைவைத்தான் இந்நாடகத்தின் இறுதி வினா ஐயுறுகிறது.

ஆவணங்களோடு வாழும் ஆய்வுலகத்துக்கு இத்தழுவல் உரியதாவது இதனாலேயே. ஐயுறுதல் ஆய்வாளரின் உரிமை. ஐயுறுவதற்குரிய ஆவணம் அழியாமல் காப்பது அவ்வுரிமைக்கு முற்பட்ட கடமை.